ஜன்னல் பக்கம் உட்காரு

மெர்வ்: ...அதுக்காக பஸ்ஸா? பனி மலைக்கு பஸ்ஸுல போறது யாருன்னு தெரியுமா? வெளிநாட்டுலேர்ந்து படிக்க வந்த பசங்களும் விதவைகளும்தான்.

நோலீன்: நான் முன்கூட்டியே பழகிக்கறேன். உள்ள நகரு, மெர்வ். ஜன்னல் பக்கம் உட்காரு.

மெர்வ்: மறுபடியும் ஜன்னலா? மெல்பர்ன்லேர்ந்து மான்ஸ்ஃபீல்ட் வரைக்கும் அங்கேதான் ஒடுங்கிக் கிடந்தேன். வாடகைக்கு பூட்ஸ் எடுக்க இறங்கினப்பதான் முட்டிக்கு உயிரே வந்துச்சு.

நோலீன்: மலையைப் பார்க்கத்தானே வந்திருக்கோம். பாரு.

மெர்வ்: நாப்பது வருஷமா பார்த்த மலை.

நோலீன்: நாப்பது வருஷமா நீ ரோட்டைப் பார்த்தே. மலையைப் பார்த்தவ நான்தான். அதுவும் கண்ணைத் திறந்திருந்த நேரத்துல.

மெர்வ்: ஏன், என் கையில வண்டி என்னைக்காவது தடுமாறியிருக்கா?

நோலீன்: நான் உட்கார்ற பக்கத்துக் கைப்பிடியைப் பாரு. என் விரல் அச்சு இன்னும் இருக்கும்.

மெர்வ்: ...இந்த பூட்ஸ் சூடா இருக்கு.

நோலீன்: நல்லதுதானே.

மெர்வ்: என்ன நல்லது? எவன் கால்லேர்ந்து உருவிக் கொடுத்தாங்களோ! நம்ம வேன்ல வந்திருந்தா சொந்த ஹீட்டர், சொந்த ரேடியோ... நினைச்ச இடத்துல நிறுத்தி ஒண்ணுக்குப் போகலாம்.

நோலீன்: வேன்லதான் கியர் பாக்ஸ் போச்சுன்னியே.

மெர்வ்: ஆமா... போச்சு.

நோலீன்: ஏப்ரல்ல போச்சு. இப்ப ஜூலை.

மெர்வ்: பார்ட் ஜப்பான்லேர்ந்து வரணும்.

நோலீன்: நீந்தி வருதா?

மெர்வ்: சனிக்கிழமைக்குள்ள வந்துரும். வந்தாகணும். பெண்டிகோ போட்டிக்கு நெவில், கீத், ஆலன் மூணு பேரையும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். கிளப்ல எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்தாச்சு.

நோலீன்: நாலு கிழவனுங்க புல்லுல பந்து உருட்டறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?

மெர்வ்: அதுக்குப் பேரு பௌல்ஸ்.

நோலீன்: பேரு என்ன வேணா இருக்கட்டும். பார்ட் வரலேன்னா?

மெர்வ்: வரும்.

நோலீன்: வரலேன்னா?

மெர்வ்: வரும்னு சொல்றேன்ல!

நோலீன்: முட்டை சாண்ட்விச் வேணுமா?

மெர்வ்: அதான் நாத்தமா? நான் பஸ் பிரேக் தீயுதுன்னு நினைச்சேன்.

நோலீன்: பிரேக்குக்கு என்ன? அந்தப் பொண்ணு நல்லாத்தானே ஓட்டறா.

மெர்வ்: நல்லாவா? வளைவு வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிட்டா. பயந்த டிரைவருங்கதான் அப்படிச் செய்வாங்க.

நோலீன்: முன்னாடியேதான் குறைக்கணும். வளைவுக்குள்ள போய் மாத்தினா டயர் பிடி விட்டுப் போயிரும். ஈர ரோட்டுல வழுக்கிரும்.

மெர்வ்: ...உனக்கு யாரு சொன்னா?

நோலீன்: டிவில காட்டினாங்க.

மெர்வ்: டிவில பார்த்துட்டு எனக்கே பாடமா! மலை ரோட்டுல பொம்பளைங்க கையில வண்டியைக் கொடுத்தா...

நோலீன்: சத்தமாச் சொல்லு. அவ சமோவாத் தீவுக்காரி. தோளைப் பாரு. உன்னைத் தூக்கி மேல பெட்டி வைக்கிற இடத்துல வெச்சிருவா. அட, அங்க பாரேன். வேலிக்குப் பக்கத்துல ரெண்டு கங்காரு.

மெர்வ்: ஆமா... நல்லா கொழுத்த கங்காரு. ஒண்ணு குட்டியோட நிக்குது.

நோலீன்: மெர்வ்.

மெர்வ்: என்ன?

நோலீன்: அது வைக்கோல் உருளை.

மெர்வ்: அப்ப ஏன் கங்காருன்னு சொன்னே?

நோலீன்: சும்மா.

மெர்வ்: ...நீ சொன்னியேன்னு மரியாதைக்குச் சொன்னேன். பொண்டாட்டி கங்காருன்னா கங்காருதான்.

நோலீன்: குட்டியை நான் சொல்லலையே.

மெர்வ்: நோலீன்! வந்துருச்சு. அந்த வெள்ளை... மரத்து மேலெல்லாம்... பார்த்தியா?

நோலீன்: பார்த்தேன்.

மெர்வ்: ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்துலதான் ஆரம்பிக்கும்.

நோலீன்: ஆமா... இந்த இடத்துலதான்.

*

நோலீன்: உன்னை எங்கெல்லாம் தேடறது? சாப்பிட மீட் பை வாங்கிட்டு வர்றேன், பெஞ்சுல உட்காருன்னு சொன்னா, கார் நிறுத்தற இடத்துல வந்து நிக்கறே!

மெர்வ்: வா, வா. சரியான நேரத்துல வந்தே. எப்படி இருக்கான் நம்மாளு? தொப்பை போன வருஷத்தைவிடப் பெருசு. கை ரெண்டும் யூக்கலிப்டஸ் குச்சி. மூக்குக்கு கேரட் நான் வீட்டுலேர்ந்தே எடுத்துட்டு வந்தேன்.

நோலீன்: பஸ்ஸுல வர்றவன் எதுக்குடா கேரட்டோட கிளம்புவான்?

மெர்வ்: பழக்கம். கார் பானட்ல பனிப் பொம்மை வைக்காம என்னைக்காவது இந்த மலையை விட்டு இறங்கியிருக்கேனா? கீழ ஊர் ஊரா பிள்ளைங்க கை காட்டும். ஒரு வருஷம் நம்ம வீட்டு வாசல் வரைக்கும் தலை உருகாம வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

நோலீன்: ஞாபகம் இருக்கு. இப்ப இது யாரு வண்டி?

மெர்வ்: யாருதோ. வெள்ளை வண்டி. திரும்பி வந்து பார்த்தா சந்தோஷப்படுவாங்க.

நோலீன்: மெர்வ், வண்டிக்கு மேல என்ன இருக்கு பாரு.

மெர்வ்: பனிச்சறுக்குப் பலகை கட்டற கம்பி.

நோலீன்: கம்பி இல்ல.

மெர்வ்: அப்ப சாமான் பெட்டி.

நோலீன்: அது விளக்கு. நீலமும் சிவப்புமா விளக்கு. பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படி.

மெர்வ்: அதான் பனி மூடியிருக்கே.

நோலீன்: மூடலை. ஒவ்வொரு எழுத்தும் என் கை அகலம் இருக்கு.

மெர்வ்: ...நோலீன், மெதுவா நடந்து போயிரலாம்.

காவலர்: நல்லா வந்திருக்கே! யாரு செஞ்சது?

நோலீன்: இவர்தான்.

காவலர்: மூக்கு கொஞ்சம் கோணல், பெரியவரே. ஆனா தொப்பை எங்க சார்ஜெண்ட் மாதிரியே இருக்கு.

மெர்வ்: மன்னிச்சுக்கோ தம்பி. வண்டி மாறிப் போச்சு.

காவலர்: மாறிப் போச்சா? இவ்வளவு பெரிய எழுத்து, இவ்வளவு பெரிய விளக்கு... பானட்ல பனி வெச்சு ஓட்டினா கண்ணை மறைக்கும்னு காலையிலேர்ந்து எல்லாரையும் நிறுத்தி அபராதம் போடறவனே நான்தான். கடைசியில என் வண்டி மேலயே! எங்கே, உங்க லைசன்ஸை எடுங்க பார்ப்போம்.

மெர்வ்: லைசன்ஸா...

காவலர்: ஆமா.

மெர்வ்: அது... வீட்டுல... வேற சட்டையில...

காவலர்: ஐயோ, விளையாட்டுக்குக் கேட்டேன் சார்! முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

நோலீன்: குளிர்.

மெர்வ்: குளிர்.

காவலர்: எதுல வந்தீங்க?

நோலீன்: பஸ்ஸுல.

காவலர்: அதான்! பஸ்ஸுக்கு பானட் இல்லாம என் வண்டிக்கு வந்துட்டீங்க. சரி, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நீங்களும் நில்லுங்க பெரியவரே. சிரிங்க. என்னைப் பாருங்க... அங்க இல்ல, இங்க. இங்கே, இங்கே!

மெர்வ்: பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

காவலர்: ...சரி சார். வந்துருச்சு.

*

நோலீன்: மீட் பை ஆறுது. தின்னு.

மெர்வ்: பசிக்கலை.

நோலீன்: தக்காளி சாஸ் ஊத்தியிருக்கேன். எதிர்ல அந்தக் கறுப்புப் பறவை உன் மீட் பையையே பார்த்துட்டு நிக்குது.

மெர்வ்: இந்தத் தடவை நிஜமாவே நிக்குதா, இல்ல வைக்கோலா?

நோலீன்: நிஜமாவே நிக்குது.

மெர்வ்: அப்ப பாதி அதுக்குப் போடு.

*

மெர்வ்: மறுபடியும் ஜன்னலா?

நோலீன்: ஜன்னல்தான். பெல்ட்டைப் போடு.

மெர்வ்: இறங்கும்போதாவது நான்...

நோலீன்: உட்காருன்னு சொன்னேன்.

மெர்வ்: சரி, உட்கார்ந்துட்டேன்.

நோலீன்: பஸ் கிளம்பிருச்சு. இப்ப சொல்லு. லைசன்ஸ் எந்தச் சட்டையில இருக்கு?

மெர்வ்: அந்த நீலச் சட்டையில.

நோலீன்: நீலச் சட்டையை நேத்துதான் துவைச்சேன்.

மெர்வ்: அப்ப கோட்டுல.

நோலீன்: கோட்டு உன் மேலதான் இருக்கு.

மெர்வ்: இல்ல.

நோலீன்: என்ன இல்ல?

மெர்வ்: லைசன்ஸ் இல்ல. பிடுங்கிட்டாங்க. கியர் பாக்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. போதுமா? ஏப்ரல்ல கண் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. ஆணி வாங்கப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். கடைசி வரியைப் படிக்கச் சொன்னாங்க. சுவத்துல பலகை எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியலை.

நோலீன்: ஆணியும் வாங்கிட்டு வரலை.

மெர்வ்: நீ சிரி. நல்லா சிரி.

நோலீன்: சிரிக்கலை. என்னதான் தெரியுது உனக்கு?

மெர்வ்: ஓரத்துல எல்லாம் தெரியும். நேரா எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு மங்கல். யாரோ கட்டை விரலை வெச்சு அழுத்தித் தேய்ச்ச மாதிரி.

நோலீன்: இப்ப என் முகம்?

மெர்வ்: காது தெரியுது. அந்தக் கம்மல் தெரியுது. பெருசா ஒண்ணும் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா சமாளிச்சிரலாம்.

நோலீன்: சமாளிச்சு?

மெர்வ்: சனிக்கிழமை ஒரு நாள்தானே. பெண்டிகோ ரோடு நேர் ரோடு. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்.

நோலீன்: அதைத்தானே செய்யப்போறே!

மெர்வ்: மெதுவாப் பேசு, முன்னாடி அந்தப் பசங்க திரும்பிப் பார்க்கறாங்க.

நோலீன்: பார்க்கட்டும். கீத்துக்கு நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு. ஆலனுக்கு இடுப்பு இரும்பு. உனக்குக் கண்ணு இல்ல. அந்த வேன்ல உருப்படியா இருக்கறது நெவில் ஒருத்தன். அவனும் ஏறினதும் தூங்கிருவான்.

மெர்வ்: எல்லாத்துக்கும் காரணம் அந்த எதிர் வீட்டு ராட்தான்.

நோலீன்: ராட் என்ன பண்ணினான்?

மெர்வ்: அவன்தான் என்னைப் போட்டுக்கொடுத்தது. லைசன்ஸ் ஆபீஸ்லயே சொன்னாங்க, 'தெரிஞ்ச ஒருத்தர் தகவல் கொடுத்தார், பேர் சொல்ல மாட்டோம்'னு. வேற யாரு? அவன் குப்பைத் தொட்டியை ஒரு தடவை இடிச்சேன்.

நோலீன்: நாலு தடவை.

மெர்வ்: அதுக்காகப் போட்டுக்கொடுப்பானா? அடிச்சிருந்தாகூட மன்னிப்பேன். போட்டுக்கொடுக்கற பயல் மனுஷனே இல்லை. ஏப்ரல்லேர்ந்து நான் அவன்கூடப் பேசறதில்லை. நம்ம எலுமிச்சை ஒண்ணுகூடக் கொடுக்கறதில்லை. கீழ விழுந்து அழுகட்டும்.

நோலீன்: அவன் தினமும் காலையில உனக்குக் கை காட்டறான்.

மெர்வ்: குத்தம் பண்ணினவன் அப்படித்தான் காட்டுவான்.

நோலீன்: அவனுக்கு நாளைக்கு ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டு போய்க் கொடு.

மெர்வ்: எதுக்கு?

நோலீன்: அவன் இல்ல.

மெர்வ்: அப்ப யாரு? நெவில் பொண்டாட்டியா? அவ வாய்...

நோலீன்: நான். நான்தான் போன் பண்ணினேன்.

மெர்வ்: ...

நோலீன்: மூச்சு விடு, மெர்வ்.

மெர்வ்: நீயா?

நோலீன்: நான்தான்.

மெர்வ்: கட்டின புருஷனை...

நோலீன்: ஆமா. கட்டின புருஷனைத்தான்.

மெர்வ்: எழுந்திரு. வழி விடு. நான் இறங்கறேன்.

நோலீன்: எங்கே இறங்குவே? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இதுக்குத்தான் பஸ். வீட்டுல சொல்லியிருந்தா ஷெட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு வாரம் ரேடியோ கேட்டிருப்பே. வேன்ல சொல்லியிருந்தா... சொல்ல உயிரோட இருந்திருக்க மாட்டோம்.

மெர்வ்: அப்ப இந்த ஜன்னல்...

நோலீன்: நான் எழுந்திருச்சாத்தான் நீ வெளிய வர முடியும். மெல்பர்ன் வர்ற வரைக்கும் நான் எழுந்திருக்கறதா இல்லை.

மெர்வ்: முதுகுல குத்திட்டே.

நோலீன்: நேருக்கு நேர் நின்னா உனக்குத்தான் தெரியலையே! எத்தனை தடவை சொன்னேன்? கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டுன்னு? உனக்கு நரம்புத் தளர்ச்சி, அதான் பயப்படறேன்னு சொன்னே. ஈஸ்டருக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கூடத்து ரோட்டுல நடந்தது உனக்குத் தெரியுமா?

மெர்வ்: என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கலையே.

நோலீன்: பிள்ளைங்க ரோடு தாண்டறதுக்காக ஒரு அம்மா, மஞ்சள் கோட்டு போட்டுக்கிட்டு, 'நில்'னு எழுதின பலகையைப் பிடிச்சு நடுரோட்டுல நின்னா. நீ கீத்தோட பந்து எப்படிக் கோணலாப் போச்சுன்னு எனக்கு விளக்கிக்கிட்டே போனே. அவ ரெண்டு பிள்ளைங்களைச் சட்டையைப் பிடிச்சு பின்னால இழுத்தா. ஒரு பையனோட ஷூ கழண்டு நம்ம சக்கரத்துக்கு அடியில போச்சு. நான் அலறினேன். நீ என்ன கேட்டே தெரியுமா? 'எவன் குப்பைத் தொட்டியை நடுரோட்டுல வெச்சது'ன்னு கேட்டே.

மெர்வ்: அந்தப் பையன்...

நோலீன்: ஒண்ணும் ஆகலை. மறுநாள் போய்ப் பார்த்தேன். புது ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

மெர்வ்: ஏன் என்கிட்ட சொல்லலை?

நோலீன்: சொன்னேன். அன்னைக்கே சொன்னேன். டீயை ஊத்துன்னே.

மெர்வ்: பனி முடிஞ்சிருச்சா?

நோலீன்: முடிஞ்சிருச்சு. கீழ வந்துட்டோம்.

மெர்வ்: வெள்ளையா இருந்தா தெரியுது. மத்ததெல்லாம்தான்...

நோலீன்: நெவிலுக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிரு.

மெர்வ்: மாட்டேன்.

நோலீன்: மெர்வ்!

மெர்வ்: நீ புரிஞ்சுக்க மாட்டே. நான் பந்தை எங்கே உருட்டறேன்னு எனக்கே தெரியறதில்லை. சத்தத்தை வெச்சு உருட்டறேன். அவங்களுக்கும் அது தெரியும். கைதட்டறாங்க. ஏன் தட்டறாங்க சொல்லு?

நோலீன்: ஏன்?

மெர்வ்: வேன் என்னோடது. அவங்க மூணு பேரும் வண்டி ஓட்டறதை எப்பவோ விட்டுட்டாங்க. மெர்வ் இருந்தாத்தான் பெண்டிகோ, மெர்வ் இருந்தாத்தான் ஜீலாங். வேன் இல்லாத மெர்வ்னு ஒருத்தனை அந்த கிளப்ல யாருக்கும் தெரியாது, நோலீன். ஸ்கோர் எழுதற மேஜைல உட்கார வெச்சு தோள்ல தட்டிட்டுப் போயிருவாங்க. அதுவும் எழுத முடியாது. எண் தெரியாது.

நோலீன்: ...

மெர்வ்: சிரிக்கலையா?

நோலீன்: இல்ல.

மெர்வ்: காலையிலேர்ந்து சிரிச்சுக்கிட்டே வந்தே.

நோலீன்: இதுக்கு வரலை. வேன் பெண்டிகோ போகும்.

மெர்வ்: தானா போகுமா? யாரு ஓட்டுவா? அந்த சமோவாக்காரியைக் கேட்கப் போறியா?

நோலீன்: இல்ல. புதன்கிழமை புதன்கிழமை சர்ச்சுல பூ அடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, எந்தப் பூவையும் நான் அடுக்கலை, டிரைவிங் கத்துக்கிட்டேன். முதல் தடவை ஃபெயில், ரெண்டாவது தடவை பாஸ். சனிக்கிழமை காலையில அவங்க மூணு பேரும் பின்னால ஏறட்டும், நீ முன்னால ஏறு. கிழவி புதுசாக் கத்துக்கிட்டிருக்கா, ஆசைப்படறாளேன்னு விட்டுக்கொடுத்தேன்னு சொல்லிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா பெண்டிகோ போய்ச் சேர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை 'பிரேக்கைப் போடு'ன்னு சொன்னே, மெர்வ்... நாலு பேரையும் அங்கேயே இறக்கிவிட்டுட்டு நான் மட்டும் போய் உங்க புல்லுல பந்து உருட்டிட்டு வந்துருவேன்.